இறங்கும் நேரம்

“தம்பி, இனூவிக்குல இருந்து யெல்லோநைஃபுக்கு ஏரோப்பிளேன் எவ்வளவு நேரம் ஓடும்?”

ஈப்போ விமான நிலையத்து டிக்கெட் முகப்பில் உட்கார்ந்திருந்த பெரியநாயகம் நிமிர்ந்து பார்த்தான். சிங்கப்பூர் விமானம் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. எதிரே கசங்கிய சேலையில் ஒரு அம்மாள். தலை எண்ணெய் காணாமல் பறந்துகொண்டிருந்தது.

கையில் ஒரு துண்டுச் சீட்டு. தோட்டத்து ஆபீஸ் கிராணி அந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் எழுதிக் கொடுத்தாராம்.

பெயர் இருளாயி. தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறாள். மூத்த மகள் மங்களம் கனடாவின் வடகோடியில், இனூவிக்கில் நர்ஸ். இன்றைக்கு அங்கிருந்து யெல்லோநைஃபுக்கு விமானத்தில் போகிறாள் என்றாள்.

பெரியநாயகத்துக்குப் பொறாமையாக இருந்தது. பத்து வருடமாக ஊராரை விமானம் ஏற்றி அனுப்புகிறவன், கோலாலம்பூரைத் தாண்டியதில்லை. பால்மரம் வெட்டுகிறவளின் மகளோ உலகத்தின் உச்சந்தலையில் பறக்கிறாள்.

“குடுத்து வச்ச அம்மா நீங்க” என்றான்.

அவள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைச் சும்மா அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்தில் வேலை செய்யும் கூட்டாளிக்குப் போன் போட்டான். கூட்டாளி எதையெதையோ புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான்.

“ரெண்டு மணி நேரம்க்கா. இங்கேருந்து சிங்கப்பூர் போய்த் திரும்பி வர்ற தூரம்லா” என்று அவளிடம் சொன்னான் பெரியநாயகம்.

“திரும்பி வர்ற தூரம்” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நம் ஊர்க் கணக்குக்கு நாளை விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கும் என்றான். தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரம் என்றாள்.

பெரியநாயகத்துக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. அங்கே பனி ஆள் உயரமாமே, வெயிலே வராதாமே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்காக வாங்கி வைத்த கோப்பி ஆடை கட்டிப்போய்க் கிடந்தது.

பிள்ளையை அவ்வளவு தூரம் விட்டுவிட்டால் தாய்க்குக் கவலை இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டான்.

“மொகத்தப் பாத்தா நேத்துலேருந்து சாப்புடாத மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போயி சோத்த ஆக்கிச் சாப்புடுங்கக்கா. பிள்ள பத்திரமா எறங்கிரும்.”

இருளாயி சீட்டை மடித்து முந்தானையில் முடிந்தாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் முடிந்தாள்.

“ஒடம்ப இங்க கொண்டாற முடியாதாம் தம்பி. எறங்குன கையோட அங்கேயே எடுத்துடுறாங்களாம்.”

பெரியநாயகத்தின் கை கோப்பிக் குவளைமேல் அப்படியே நின்றது.

“புள்ளைய எடுத்துட்டாங்களான்னு தெரியாம, வீட்டுல எப்படி அடுப்பப் பத்த வைக்கிறது?”