மாமா கொடுத்த கிடார்

"பொண்ணுக்குப் பரிசா சார்?" என்று கேட்டார் இசைக்கருவிக் கடைக்காரர்.

"ஆமா" என்று தலையாட்டிவிட்டு, லிஃப்ட் மெக்கானிக் செல்போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அதில் அவர் மகள் ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிடாரை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அடேயப்பா! இதைப் புதுசா வாங்கணும்னா, பைக்கை வித்தாகூடப் பத்தாதே சார்."

"இதே மாதிரி, என் கைக்கு அடங்கற விலையில ஒண்ணு காட்டுங்க. இன்னிக்கே வேணும்."

"அவ்வளவு அவசரமா? பிறந்தநாளா?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு அது குறுகுறுப்போடு நிற்காமல் வாய் வழியாகவும் வந்துவிட்டது. "பரிசும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. படத்துல இருக்கறதை இன்னிக்குக் காலையில நான் உடைச்சுட்டேன்."

அது மகளுக்கு அவளுடைய தாய்மாமன் கொடுத்த கிடார். பத்து வருடம் தான் ஆசையாக வாசித்ததை அவள் கையில் தூக்கிக் கொடுத்தவர், நாளை மறுநாள் அவள் வாசிப்பைக் கேட்க வருகிறார். மூக்கு நுனியில் கோபம் உள்ள மனிதர். ஆனால் அக்கா புருஷன் முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பு. "மச்சான் சொன்னா சரி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அதனால் மச்சினனைப் பற்றி மெக்கானிக் கவலைப்படவில்லை. கவலையெல்லாம் மகளைப் பற்றித்தான். போன ஞாயிற்றுக்கிழமை, பரீட்சைக்குப் படிக்காமல் வாசித்துக்கொண்டிருந்தவளிடம், "ஒருநாள் இதை உடைச்சு அடுப்புல வெக்கலைன்னா பாரு!" என்று கத்தித் தொலைத்திருந்தார். அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது போய், கைதவறி உடைந்தது என்றால் எந்த மகள் நம்புவாள்?

"எப்படி உடைஞ்சது சார்?"

"மழை உள்ளே அடிச்சுது. ஜன்னலைச் சாத்தலாம்னு அவ ரூம் கதவைத் தள்ளினேன். கதவுக்குப் பின்னால சாய்ஞ்சு நின்னிருக்கு. கீழே கிடந்த மெத்தை மேலதான் விழுந்தது. தூக்கிப் பார்த்தா கழுத்து ரெண்டா இருக்கு. ஒரு சத்தம்கூடக் கேக்கலை."

"சத்தமே வரலையா? இழுத்துக் கட்டின கம்பியோட கழுத்து முறிஞ்சா தெருவுக்கே கேக்குமே சார்."

"பதற்றத்துல காதுல விழலையோ என்னவோ" என்றார் மெக்கானிக். நாள் முழுக்கக் கம்பி வடங்களோடு மாரடிக்கிறவர்தான். இருந்தாலும் அந்த நேரத்தில் அவருக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

கடைக்காரர் முதலில் ஒரு கிடாரை இறக்கினார். "இது உள்ளே முழுக்கக் காலி. விலை கம்மி. ஆனா மேடையில ஸ்பீக்கர் பக்கத்துல நின்னா ஊளையிடும்." பிறகு இன்னும் இரண்டை எடுத்து வைத்தார். "இதுங்கள்ல ரெண்டு ஓரமும் காலி, நடுவுல மட்டும் மரக்கட்டை. உங்க பொண்ணோடதும் இதே ஜாதிதான். வேற கம்பெனி, அதனால விலை கால்வாசி."

ஒன்று சிவப்பு, மற்றது பழுப்பு. மெக்கானிக் இரண்டையும் விரல் கணுவால் தட்டிப் பார்த்தார்.

"சிவப்பையே எடுங்க" என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "எட்டி நின்னு பார்த்தா யாருக்குமே வித்தியாசம் தெரியாது."

"எதுல சத்தம் நல்லாயிருக்கு?"

"சத்தம்னு கேட்டா பழுப்புதான்."

"அதையே குடுங்க. ஏமாத்தறதுக்காக நான் வாங்க வரலை."

கடைவாய்ப் பல்லைக் கட்டிக்கொள்ள ஒதுக்கி வைத்திருந்த பணம் கல்லாவுக்குள் போனது. இன்னும் ஆறு மாதம் ஒரு பக்கமாகவே மென்றால் உயிர் போய்விடாது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

சாயங்காலம் மகள் கல்லூரியிலிருந்து வந்து அறைக்குள் நுழைந்தபோது, கட்டிலில் இரண்டு கிடார்கள் இருந்தன. ஒன்று புதியது, ஒன்று கழுத்து முறிந்தது. பக்கத்தில் அப்பா கைகட்டி நின்றார்.

"நான்தான்மா உடைச்சுட்டேன். வேணும்னு பண்ணலை. அன்னிக்குச் சொன்னதெல்லாம் வெறும் வாய்த்துடுக்கு." அவர் புதுக் கிடாரை அவள் பக்கம் நகர்த்தினார். "மாமாகிட்ட நானே சொல்லிக்கறேன். உன் மேல ஒரு சொல் விழாது. இது அந்தளவுக்கு வராதுதான். என்னால முடிஞ்சது இதுதாம்மா."

அவள் பழுப்புக் கிடாரைத் தொட்டாள். சட்டென்று முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள்.

"நம்ப மாட்டியா? சத்தியமா கைதவறித்தான்..."

"ஐயோ, போதும்ப்பா!" என்றாள் அவள். "அதை நீங்க உடைக்கலை. புதன்கிழமையே என் கையிலிருந்து விழுந்து முறிஞ்சுடுச்சு. மாமாவுக்குப் பயந்து, கம்பியெல்லாம் தளர்த்திட்டு, ஒப்புக்குப் பசை வெச்சு ஒட்டியிருந்தேன்."

மெக்கானிக்குக்கு மூச்சு வந்தது. ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். "அடி பைத்தியமே! இதுக்கா அழறே? என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்ல? கிடாருக்குன்னே ஸ்டாண்டு இருக்கறப்போ, ஒட்டினதைப் போய்க் கதவுக்குப் பின்னால வெப்பாங்களா? யாராவது தட்டிவிட்டா என்ன ஆகும்?"

அவள் தலை நிமிரவில்லை.

"நீங்க தட்டிவிடணும்னுதான்ப்பா வெச்சேன்."