சிகாகோவிலிருந்து வந்த கோட்டு

ஹெஸ்டர் புரூயிட்டின் கடையில் டானிக்கும் கிடைக்கும், சிகாகோவில் தைக்கும் கோட்டுக்கு அளவும் எடுப்பாள். வழுக்கைக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே பாட்டில்தான். ஓயாமல் இருமிய அவள் புருஷன் ஆர்வில்தான் அதிகம் குடித்தவன்.

அவனுக்கு மார்பளவு நாற்பது அங்குலம் என்று எழுதி அனுப்பினாள். வந்த கோட்டு முப்பத்தாறு.

"தையக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?" என்று திட்டினாள். கிறிஸ்துமஸுக்குள் அவன் இளைத்து, அது அவனுக்குச் சரியாகிவிட்டது.

அடுத்து முப்பத்தாறு என்று எழுதினாள், முப்பத்திரண்டு வந்தது. பயந்துபோய் டானிக்கை இரட்டிப்பாக்கினாள். ஈஸ்டருக்கு அதுவும் பொருந்தியது. அப்புறம் அவள் சிகாகோவுக்கு எழுதவே இல்லை.

மே மாதம் கோட்டு தானாக வந்தது. சவப்பெட்டியில் மல்லாந்து கிடக்கும் பிணத்துக்குத் தைப்பதுபோல முதுகில் துணியே இல்லை. அவள் ஒளிப்பதற்குள் ஆர்வில் எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான்.

"அட, இப்பதான்டி அளவு கச்சிதம்! முதுகுலதான் கொஞ்சம் குளிருது."