ஸ்பீக்கருக்கு எந்தப் பசை?

"இன்னும் கரகரங்குது. இந்தப் பசையும் சரியில்லை," என்றாள் அம்மா, தெருவுக்கே கேட்கிற குரலில்.

அப்பாவின் முகம் வாடிப்போனது.

விடுமுறைக்கு வந்திருந்த மகளுக்கு மனசு பொறுக்கவில்லை. காலமெல்லாம் மேடை மேடையாக மைக் செட் போட்டவர் அப்பா. அத்தனை பெட்டிகளில் எது இரைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். இப்போது வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பழைய ஸ்பீக்கர். பாட்டு மங்கலாகக் கேட்கிறதென்று அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"முதல்ல, தொட்டதும் பிடிக்கிற பசையைப் போட்டேம்மா. அது காய்ஞ்சா கல்லாயிடுது. சத்தம் வர்ற காகிதக் கோன் எப்படி அதிரும்?" என்றார் மகளிடம்.

அடுத்து, செருப்புக்குப் போடுகிற பசை. அது கோனைச் சுற்றியிருந்த விளிம்புப் பஞ்சையே தின்றுவிட்டதாம். புது விளிம்பு வாங்கி, காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கிற பசையாகத் தேடிப் பிடித்து, மயிரிழை பிசகாமல் ஒட்டியிருந்தார்.

மகள் பாட்டைப் போட்டாள். கணீரென்று இருந்தது.

அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா அவள் கையைக் கிள்ளினாள்.

"கடையில போய் வேற பசை இருக்கான்னு கேளுங்க," என்றாள் அப்பாவிடம், அதே குரலில்.

அவர் எழுந்து போய், வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பு மாட்டினார்.

மகள் கிசுகிசுத்தாள். "ஒரு நல்ல வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்? ஸ்பீக்கர் நல்லாத்தானே இருக்கு. எதுக்கும்மா அவரை இப்படி அலைய விடுறே?"

"நல்லாத்தான் இருக்கு. முதல்லயும் நல்லாத்தான் இருந்துச்சு."

"மெதுவா பேசு. அப்பா காதுல விழப்போகுது."

"விழாது," என்றாள் அம்மா.

மகள் வாசலைப் பார்த்தாள். அப்பா திரும்பவில்லை. குனிந்து செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"தலைசுத்தலுக்குக் காட்டப் போனப்போ டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. கொஞ்சம் கொஞ்சமா முழுசாவே போயிடுமாம். மெஷின் வெச்சும் பலன் இருக்காதாம். நான் கத்துறது கோபத்துல இல்லடி."

அப்பா கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார். அம்மா அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காதை வெச்சுப் பொழைச்ச மனுஷன். ஸ்பீக்கர் சரியாயிடுச்சுன்னு நான் சொல்லிட்டா, கெட்டுப்போனது எதுன்னு அவருக்குத் தெரிஞ்சிடுமே."