அடுத்த பந்து இல்லை

"வெளியே!" என்று கத்தினான், கோடு பார்க்க உட்கார்ந்திருந்த ஒக்தாவ்.

செம்மண் தரையில் எதிராளி அடித்த பந்து பதித்த தடம் லியோனியின் காலடியிலேயே கிடந்தது. பாதி மண்ணில், பாதி வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டில்.

கோட்டைத் தொட்டால் உள்ளேதான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பந்து உருண்டு ஒக்தாவின் நாற்காலியடிக்குப் போய்விட்டது. கூட்டம் எழுந்து கை தட்டியது. உலகப் போர் முடிந்து, பல தேசத்தாரும் பாரிசுக்கு வெளியே சான் க்ளூவில் கூடி ஆடிய டென்னிஸ் பந்தயம். அந்த ஒரு பந்தோடு லியோனி இறுதி ஆட்டத்துக்குப் போகிறாள்.

வலைக்கு அப்பால், பெல்ஜியத்து ஓர்தான்ஸ் மட்டையைத் தாழ்த்தினாள்.

"எனக்கு இங்கேருந்து தெரியலை, லியோனி. நீயே பார்த்துச் சொல்லு. நீ சொன்னா சரிதான்."

பார்வையாளர் மேடையிலிருந்து எவனோ கூவினான். "கோட்டைப் பார்க்க உட்கார வச்சா, தங்கச்சியைப் பார்த்துக்கிட்டிருக்கான்யா!"

ஒரே சிரிப்பு.

ஆமாம், ஒக்தாவ் அவளுடைய அண்ணன்தான். கோடு பார்க்க வேண்டியவர் வராததால் அவனை உட்காரச் சொன்னார்கள். போரில் பதக்கம் வாங்கியவன் பொய் சொல்வானா என்று யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

விஷப்புகை பட்டு அவனுடைய வலது கண் மங்கியது அவர்களுக்குத் தெரியாது. பார்வைக்கு நல்ல கண் போலவே இருக்கும். திரும்பி வந்த நாளிலிருந்து, திரையை இழுத்துவிட்டு அறைக்குள்ளேயே கிடந்தான். இன்றுதான் முகம் மழித்து, பதக்கம் குத்தி, தங்கையோடு கிளம்பி வந்திருந்தான்.

கோட்டில்தான் விழுந்தது என்று சொன்னால்? குருடனையா உட்கார வைத்தீர்கள் என்பார்கள். அவன் மறுபடியும் திரையை இழுத்துவிடுவான்.

இப்படித் தப்பான தீர்ப்பு வந்தால், ஆடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாய் திறக்காமல் அடுத்த பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்துவிடுவார்கள். கணக்கு நேராகிவிடும். யார் மானமும் போகாது.

இது கடைசிப் பந்து. அடுத்தது இல்லை.

அவள்தான் என்ன செய்வாள், சொல்லுங்கள். காலைத் தூக்கித் தடத்தின் மேல் வைத்தாள். ஒரே இழுப்பு. வெள்ளைக் கோட்டின் மேல் செம்மண் பரவியது.

"வெளியேதான்."

ஓர்தான்ஸ் ஓடிவந்து, வலைக்கு மேலாகவே அவளைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

"நீ சொன்னப்புறம் பேச்சே இல்லைடி. எனக்கும் சேர்த்து ஜெயிச்சுட்டு வா."

முத்தம் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

டிராமுக்குப் போகும் வழியில் ஒக்தாவ் சீட்டியடித்துக்கொண்டே நடந்தான். எத்தனை நாளாயிற்று, அந்தச் சீட்டியைக் கேட்டு! லியோனி அவனுடைய மங்கிய கண் பக்கமாகவே ஒட்டி நடந்தாள். அவன் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது.

ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் அவன் நின்றான். சட்டைப் பையிலிருந்து அந்தப் பந்தை எடுத்தான்.

அதன் ஒரு பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"விழுறப்பவே பார்த்துட்டேன்டி, கோட்டு மேலதான் விழுந்துச்சு. அதான் பந்தை எவன் கண்ணுலயும் படாம ஒளிச்சுட்டேன். ஆனா அந்தத் தடத்தை என்ன பண்றதுன்னுதான் உதறலா இருந்துச்சு."

அவள் தோளைத் தட்டிச் சிரித்தான்.

"காலால இழுத்தியே ஒரு இழுப்பு! அண்ணனுக்கேத்த தங்கச்சிடி நீ!"