குளத்து வண்டல்

ராய்ஸ் பத்து வருடமாக டெக்சஸில் வேட்டைப் பண்ணைகளை விற்றுக்கொடுக்கிற தரகன். வருகிறவர்கள் முதலில் மானின் கொம்பைப் பற்றித்தான் கேட்பார்கள். அறுபதைத் தாண்டிய நடீன் மட்டும் வண்டியை விட்டு இறங்கியதும் நேரே குளக்கரைக்கு நடந்தாள்.

“பரண் மேல ஏறிப் பார்க்கலையா மேடம்? அங்க உக்காந்தா மான் தானா முன்னால வந்து நிக்கும்.”

“அது இருக்கட்டும். எனக்கு இந்தக் குளம்தான் வேணும்.”

ராய்ஸுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “இப்ப இது புதுக் குளம் மாதிரி மேடம். போன கோடையில தண்ணிய வடிச்சுத் தூர் வாரிட்டாங்க. பழைய வண்டல் ஒரு பிடிகூடக் கிடையாது.”

அவள் முகம் வெளிறிப்போனது. “அத எங்க கொட்டினாங்க?”

“அதோ, மானுக்குன்னு போட்ட ஓட்ஸ் வயல்ல. நல்ல உரமாச்சே. பயிர் எப்படி நிக்குது பாருங்க.”

அவள் வயலுக்குள் போய் மண்டியிட்டுப் பயிரைத் தடவினாள். “வாங்கிக்கிறேன். ஆனா இனி இங்க யாரும் சுடக் கூடாது.”

“சுடலைன்னா வேட்டைப் பண்ணை எதுக்கு மேடம்?”

“என் மகன் வெஸ்லி முதல் மீன் பிடிச்சது இந்தக் குளத்துல. அவன் சாம்பலையும் இதுலதான் கரைச்சோம். பக்கத்துல இருக்கலாம்னு வந்தேன்.”

அந்நேரம் வயலோரம் ஒரு பெண்மான் குட்டியோடு வந்து மேயத் தொடங்கியது. ராய்ஸ் பதறிப்போய் அதை விரட்டக் கை தட்டப் போனான்.

நடீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விரட்டாதீங்க. வீட்டுக்கு வந்த யாரையும் அவன் சாப்பிடாம அனுப்பினதில்ல.”