சந்தில் சிக்கிய வேன்

பழைய யூதர் தெருவான ஜூ டவுன் சந்தில் வேன் சிக்கி அரை மணி நேரமாகிறது. வலப்பக்கக் கதவை மிளகுக் கிடங்கின் சுவர் அடைத்து நிற்கிறது. எதிரே மூட்டை ஏற்றிய கைவண்டி. ரிட்டையரானதும் வாங்கி, உள்ளே கட்டிலும் ஸ்டவ்வும் பொருத்திய வேன். நாற்பது நாளாக வெங்கடேஸ்வரனும் தர்மாம்பாளும் இதிலேயே உறவுக்காரர் வீடு வீடாகப் போகிறார்கள். எந்த வீட்டிலும் காப்பியோடு சரி. தூக்கம் வேனில்தான் என்பது அவர் பிடிவாதம். "யார்கிட்டயாவது வழி கேளுங்கோன்னு சொன்னேனே!" என்கிறாள் தர்மாம்பாள். "எனக்குத் தெரியும், சும்மா இரு," என்று அவர் ஹாரனை அழுத்துகிறார். சுமைக்காரர்கள் சிரிக்கிறார்கள். மத்தியான வெயிலில் தகரக் கூரை கொதிக்கிறது. மண்ணெண்ணெய் வாடை தொண்டையைக் கரிக்கிறது. அவள் மாற்றுப்புடவையைப் பையில் திணித்து, தலையணையைக் கையில் எடுக்கிறாள்.

"எங்கே?"

"சுள்ளிக்கல்லுக்கு. தங்கை ஆத்துல, ஆடாத கட்டில்ல படுத்துக்கப் போறேன்."

பின்கதவு வழியே இறங்கி, இடப்பக்க இடுக்கில் ஒடுங்கி வேனுக்கு முன்னால் வந்துவிடுகிறாள். "தர்மு, நில்லு!" அவர் தன் பக்கத்துக் கதவைத் தள்ளுகிறார், நாலு விரல் அகலம் திறந்து சுவரில் இடிக்கிறது. கைவண்டிக்காரர் அவளுக்கு ஒதுங்கி வழிவிடுகிறார். "அம்மே, வண்டி நிங்களோடதா?" என்று மலையாளம் கலந்து கேட்கிறார்.

தர்மாம்பாள் தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொள்கிறாள். "இல்லை. அவரோடது."