ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் ஓர் இருக்கை

“மடக்கு இருக்கையா?” நாறும்பூநாதன் படிவத்திலிருந்து நிமிர்ந்தார்.

ராணுவச் சரக்கு விமானத்தில் என்னென்ன மாற்றலாம் என்று ஆராயும் வடிவமைப்புக் குழுவில் அவர் பொறியாளர். சொந்த ஊர் என்பதால் பாளையங்கோட்டைக்கு அவரையே அனுப்பியிருந்தார்கள். விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற பத்துப் பேர் தங்கள் யோசனைகளைப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் இன்ஜினின் வலுவைக் கூட்டச் சொல்லியிருந்தார். சிவசைலம், பின்பக்கச் சாய்தளத்தைத் தாழ்த்தினால் வண்டி ஏற்றச் சுலபம் என்றார். எல்லாம் உருப்படியான யோசனைகள்.

ஜெபஸ்டின் மட்டும், காயம்பட்டவர்களைக் கொண்டுபோகும்போது ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் ஓர் இருக்கை வேண்டும் என்று எழுதியிருந்தார். வடகிழக்கிலிருந்து டில்லிக்கு மூன்று மணி நேரம். கூட வருகிறவர் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் காயம்பட்டவரையும் பிடித்துக்கொண்டு நின்றே வரவேண்டியிருக்கிறதாம்.

“தலகாணியும் சேத்துக் கேளும் வே,” என்றார் சிவசைலம். எல்லோரும் சிரித்தார்கள். ஜெபஸ்டின் சிரிக்கவில்லை.

ஓர் இருக்கை நாலு கிலோ. இருபது இருக்கை என்றால் எண்பது கிலோ சரக்கு குறையும். படையில் இருந்த மனுஷன் கால் வலிக்கு இவ்வளவு பார்ப்பானா என்று நினைத்தார் நாறும்பூநாதன். நேற்று ரயிலில் கீழ்ப்படுக்கைக்காகத் தான் டி.டி.ஆர். பின்னாலேயே அலைந்தது ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு வேறு குறை தேடினார்.

கிடைத்தது. ‘விமானத்தில் உங்கள் பணி’ என்ற கட்டம் காலி. அது நிரம்பாவிட்டால் யோசனை குழுவுக்கே போகாது.

“இதை எழுதலையே அண்ணாச்சி. அடிச்சிரட்டுமா?”

ஜெபஸ்டின் எழுந்துவிட்டார். “அடிச்சிராதீங்க ஸார். பதினாறு வருஷமா எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கேன். நேர்ல கேக்க வந்த முதல் ஆளு நீங்கதான்.”

“அப்போ சொல்லுங்க. மூணு மணி நேரம் நின்னீங்கள்லா, என்ன வேலையா போனீங்க?”

“நின்னது நான் இல்ல ஸார். இறங்கும்போது அவரால காலை மடக்கக்கூட முடியல. பேருகூடக் கேக்காம விட்டுட்டேன். பொறவு எங்கெல்லாமோ விசாரிச்சுப் பாத்தேன், ஆளு கிடைக்கல. இனிமே வாற ஒருத்தராவது உக்காந்து வரட்டுமேன்னுதான்.”

சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டார்.

அடிக்கப் போன பேனாவை நாறும்பூநாதன் காலிக் கட்டத்துக்குக் கொண்டுபோனார். “இங்கன என்ன எழுதட்டும், அண்ணாச்சி?”

“ஸ்ட்ரெச்சர்ல கிடந்தவன்னு எழுதுங்க, ஸார்.”